கல்விக் கடன் விண்ணப்பம்: வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்திடலாம்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது, இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது, இனி என்ன செய்யலாம் என்று கேட்கும் வாசகர்கள் பலர். உங்கள் வீட்டில் பிளஸ் 2 படிக்கும் மகனோ மகளோ இருந்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது. கல்லூரிக் கட்டணத்துக்காக வங்கியில் கல்விக் கடன் கேட்பதுதான் அது. இரண்டு முறை இந்த வேலையை உடனிருந்து செய்தவன் என்ற முறையில், எங்கே இடறினோம், எங்கே தப்பித்தோம் என்பதைச் சொல்கிறேன்.

மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் ஒரு கிராமத்தில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. கால்வாயில் தண்ணீர் வந்து, நாற்று விட்டு, அறுத்த பிறகுதான் கையில் காசு. ஜூலை மாதத்தில் அது இருக்காது. ஆனால் கவுன்சலிங் நடப்பதும் கட்டணம் கட்டுவதும் அந்த ஜூலையில்தானே! 2019ஆம் ஆண்டு ஜூலையில் அக்கா மகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு அப்போது அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக் கட்டணம் 55,000 ரூபாய். ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்தால் நான்கு வருடத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் வரை வந்தது.

அத்தான் முதலில் பக்கத்து டவுனில் உள்ள ஒரு வங்கிக் கிளைக்குத்தான் போனார். (எந்த வங்கி என்பது இங்கே தேவையில்லை.) "உங்க ஊர் எங்க சர்வீஸ் ஏரியாவில் வராது. அதோடு, அடமானத்துக்குச் சொத்துப் பத்திரம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். மறுபடி போனபோது "அடுத்த வாரம் வாங்க". மூன்றாவது முறை மேனேஜர் இல்லை. அதற்குள் முதல் தவணைக் கட்டணத்துக்காக அக்கா கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது.

"மாப்ள, கம்ப்யூட்டர்ல போட்டா கிடைக்கும்ங்கிறாங்க, நிசமா?" என்று கேட்டுக்கொண்டுதான் மூவரும் மதுரையில் என் வீட்டுக்கு வந்தார்கள். உண்மையைச் சொன்னால், கம்ப்யூட்டரில் போட்டால் கடன் தானாகக் கிடைத்துவிடாது. கடன் கொடுப்பது வங்கிதான். ஆனால் வேறு ஒன்று நடக்கும். வாயால் சொல்லி அனுப்பிய பதில் எழுத்தில் வந்தாக வேண்டும். எங்கள் வேலை முடிந்தது அதனால்தான்.

விதிமுறை என்ன சொல்கிறது?

இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் ஒன்றை வகுத்தது. பெரும்பாலான வங்கிகள் தரும் கல்விக் கடன் அதை ஒட்டியதே. நான்கு லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது. நம் கையிலிருந்து ஒரு பங்கு போட வேண்டும் என்ற மார்ஜினும் இல்லை. பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் போதும். 2015இல் கல்விக் கடனுக்கென மத்திய அரசின் உத்தரவாத நிதி வந்தபின், ஏழரை லட்சம் வரை அடமானமும் மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் கடன் தர வழி ஏற்பட்டது.

சர்வீஸ் ஏரியா என்ற காரணத்துக்கும் பதில் இருக்கிறது. மாணவர் வசிக்கும் ஊர் தங்கள் எல்லையில் இல்லை என்று சொல்லிக் கல்விக் கடன் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரிசர்வ் வங்கியின் இணைய தளத்திலேயே அதைத் தேடி எடுக்கலாம். நாங்கள் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டோம். இன்னொன்று, விண்ணப்பத்தை நிராகரிப்பது என்றால் கிளை மேனேஜருக்கு மேலே உள்ள அதிகாரிதான் அந்த முடிவை எடுக்க வேண்டும் என்று மாதிரித் திட்டமே சொல்கிறது. ஆனால் விண்ணப்பமே வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் நிராகரிப்பு எங்கே, மேலதிகாரி எங்கே! பதிவு எண் இல்லாத விண்ணப்பம் பிறக்காத பிள்ளை மாதிரி.

அந்த எண்ணைத் தந்தது வித்யாலட்சுமி தளம். 2015 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தொடங்கியது. ஒரே விண்ணப்பப் படிவத்தை நிரப்பி மூன்று வங்கிகள் வரை அனுப்பலாம் என்பது அதன் வசதி.

உட்காரும் முன் ஒரு போல்டர்

அன்று நான் செய்த முதல் தவறு நேராகத் தளத்தைத் திறந்து டைப் செய்ய ஆரம்பித்தது. பாதியில் "மாமா, இன்கம் சர்டிபிகேட் நம்பர் கேக்குது" என்றாள் மருமகள். அது மேலூர் வீட்டுப் பீரோவில் இருந்தது. அத்தோடு அன்றைய வேலை முடிந்தது.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, நியூ, போல்டர் என்று தேர்ந்தெடுத்து, பிள்ளையின் பெயரில் ஒரு போல்டர் உருவாக்குங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 மதிப்பெண் சான்றிதழ்கள், கவுன்சலிங் ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரியில் சேர்ந்ததற்கான கடிதம், நான்கு வருடத்துக்குமான கட்டண விவரம், மாணவர் மற்றும் பெற்றோரின் ஆதார், பான் கார்டு, வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழ், பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ. இவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும். கட்டண விவரம் கல்லூரியின் லெட்டர்பேடில், வருட வாரியாக, கையெழுத்தும் சீலும் போட்டு இருக்கட்டும். இதை மட்டும் எல்லாரும் மறக்கிறார்கள். நாங்களும் மறந்தோம்.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், அல்லது இ-சேவை தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வர நாள் ஆகும் என்பதால் பிளஸ் 2 ரிசல்ட் வரும் முன்பே போட்டுவிடுங்கள்.

பைல்களுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. ஸ்கேனர் கொடுக்கும் 0001, 0002 என்ற பெயர்களை அப்படியே விட்டால், தந்தையின் பான் கார்டு இருக்க வேண்டிய இடத்தில் தாயின் ஆதார் போய் உட்காரும். பைலைத் தேர்ந்தெடுத்து எப் 2 கீயை அழுத்தினால் பெயர் மாற்றலாம்.

அடுத்த தொல்லை பைல் அளவு. செல்போனில் எடுத்த போட்டோ ஒன்று மூன்று, நான்கு எம்பி வரும். தளமோ சில நூறு கேபி மட்டும் என்று சொல்லும். (1 எம்பி என்பது 1024 கேபி.) ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை கேபி, எந்த வகை பைல் என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். ஸ்கேன் செய்யும்போதே 150 அல்லது 200 டிபிஐ, கிரேஸ்கேல் என்று வைத்துக்கொண்டால் எழுத்தும் தெளிவாக இருக்கும், அளவும் குறையும். ஏற்கனவே எடுத்த படம் என்றால் இர்பான் வியூ என்ற இலவச புரோகிராமில் திறந்து, இமேஜ் மெனுவில் ரீசைஸ் கொடுத்து அளவைக் குறைக்கலாம். விண்டோஸிலேயே உள்ள பெயின்ட் புரோகிராமும் இதைச் செய்யும். படத்தை பிடிஎப் ஆக மாற்ற, விண்டோஸ் 10 முதல் பிரிண்ட் கட்டளையில் "மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎப்" என்று ஒன்று உள்ளது. பிரிண்டர் இல்லாமலே வேலை முடியும்.

பிடிஎப் பைலைச் சுருக்கித் தருகிறோம் என்று பல தளங்கள் வரும். பள்ளிப் பாடக் குறிப்புக்கு அவற்றைப் பயன்படுத்துங்கள். ஆதாரும் பானும் உள்ள பைலை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவது, வீட்டுச் சாவியைப் பஸ் ஸ்டாண்டில் அறிமுகமானவரிடம் கொடுப்பது போல.

இனிஷியல் பிரச்னை

வடநாட்டுப் படிவங்களை நம் ஊர்ப் பெயர்களோடு பொருத்துவது தனி வித்தை. உதாரணத்துக்குக் கவிதா என்ற பெண், தந்தை பெயர் சுப்பையா என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கவிதா எஸ்". ஆதாரில் இனிஷியலே இல்லாமல் வெறும் "கவிதா". பான் கார்டில் கடைசிப் பெயருக்கு இனிஷியலை ஏற்காததால் "கவிதா சுப்பையா". பாஸ்புக்கில் "எஸ்.கவிதா". நமக்கு நாலும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு நாலு பேர்.

வித்யாலட்சுமியில் பதிவு செய்யும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர் தரச் சொன்னார்கள். அப்படியே தந்தோம். ஆனால் ஆதார் வேறு மாதிரி இருந்தது. இதற்கு ஒரே வழி, பிளஸ் 2 படிக்கும்போதே ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்திவிடுவதுதான். ஆதாரில் உள்ள மொபைல் எண் இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஓடிபி வருவது அதற்குத்தான். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டவர்கள் ஜூலை மாதத்தில் ஆதார் மையத்தின் க்யூவில் நிற்க வேண்டியதுதான்.

மருமகளோடு படித்த ஒரு பெண் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தாள். சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் இமெயில் முகவரியையும் தன் மொபைல் எண்ணையும் போட்டுவிட்டார். வங்கி கேட்ட கேள்வியெல்லாம் அவருடைய இன்பாக்ஸில் போய்த் தூங்கியது. அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சென்டரில் செய்வதானாலும் இமெயில், மொபைல் இரண்டும் உங்களுடையதாக இருக்கட்டும். பிரவுசர் "பாஸ்வேர்டை நினைவில் வைக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளம்பும் முன் அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள உங்கள் பைல்களை ஷிப்ட் கீயை அழுத்தியபடி டெலீட் செய்திடுங்கள். அப்படிச் செய்தால் ரீசைக்கிள் பின்னில் தங்காது.

ஆன் ஹோல்டு!

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போல்டரோடு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்தில் விண்ணப்பம் முடிந்தது. ஆக்டிவேஷன் மெயில் ஸ்பாம் போல்டரில் போய் ஒளிந்திருந்ததைத் தேடி எடுத்ததுதான் அதிக நேரம். மூன்று வங்கிகளைத் தேர்ந்தெடுத்தோம். அதில் ஒன்று, அத்தானைத் திருப்பி அனுப்பிய அதே கிளை. "அங்கயேவா?" என்று அத்தான் தயங்கினார். அவருக்குக் கணக்கு இருப்பது அங்கேதான், வீட்டுக்குப் பக்கமும் அதுதான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

சில நாட்கள் ஒன்றும் நகரவில்லை. பிறகு ஒரு மாலை மருமகள் போன் செய்தாள். "மாமா, ஆன் ஹோல்டுன்னு வருது." குரலில் அழுகை. எனக்கோ சந்தோஷம்! அதன் கீழே ரிமார்க்ஸ் என்ற கட்டத்தில் இரண்டே வரி. கல்லூரியின் கட்டண விவரம் இல்லை. பெயர் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. சர்வீஸ் ஏரியா இல்லை, சொத்துப் பத்திரம் இல்லை. எழுத்தில் கேட்க வேண்டியபோது, கேட்கக் கூடியதை மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தோம். கல்லூரியிலிருந்து கட்டண விவரம் வாங்கினோம். இரண்டு பெயரும் ஒருவரே என்று அபிடவிட் ஒன்றும் தயாரானது. இந்த மூன்றோடும் விண்ணப்ப எண்ணோடும் அத்தான் கிளைக்குப் போனார். இந்த முறை உட்காரச் சொன்னார்களாம். ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டி வரவில்லை. செப்டம்பரில் கடன் அனுமதியானது. கட்டணப் பணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குத்தான் போகும், நம் கைக்கு வராது. சங்கிலியை மீட்க இன்னும் ஒரு அறுவடை ஆனது, அது வேறு கதை.

நீங்களும் ஸ்டேட்டஸ் பக்கத்தை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தி, பெயின்டில் பேஸ்ட் செய்து, தேதியைப் பெயராகக் கொடுத்து அதே போல்டரில் சேமியுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரை அணுகலாம். மதுரை மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி கனரா வங்கி. மாவட்ட நிர்வாகமும் மக்களவை உறுப்பினர் சு.வெங்கடேசனும் முயற்சி எடுத்து மதுரையில் கல்விக் கடன் முகாம்கள் நடந்திருக்கின்றன. முகாமுக்குப் போனாலும் அதே காகிதங்கள்தான் வேண்டும்.

வட்டி மானியம் தானாக வராது

கடன் கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டோம். 2020இல் கொரோனாவுக்காகக் கல்லூரி மூடி, மருமகள் வீட்டில் இருந்தபோது நெட் பேங்கிங்கில் கடன் கணக்கைத் திறந்து பார்த்தாள். வட்டி ஏறிக்கொண்டிருந்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழில்நுட்பப் படிப்புகளுக்குப் படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. அதற்கு வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து, மானியம் கோரச் சொல்ல வேண்டும். கடனுக்குக் கொடுத்த சான்றிதழே போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். 2019இல் வாங்கிய சான்றிதழ் போல்டரில் அப்படியே இருந்ததால் உடனே பிரிண்ட் எடுத்துக் கொடுக்க முடிந்தது. மானியமும் பிறகு வந்து சேர்ந்தது.

இது எவ்வளவு பெரிய தொகை என்பதை எக்ஸெல் புரோகிராமில் போட்டுப் பாருங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் சரி. ஒரு கட்டத்தில் சமக்குறி போட்டு, பிஎம்டி என்ற பங்ஷனின் மூன்று ஆங்கில எழுத்துக்களையும் டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் மாத வட்டி, மாதங்களின் எண்ணிக்கை, கடன் தொகை ஆகிய மூன்றையும் கமா போட்டுத் தர வேண்டும். 10 சதவீத வட்டி, ஏழு வருடம், நான்கு லட்சம் என்றால் (10%/12, 84, -400000). என்டர் தட்டினால் மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய் என்று வரும்.

மானியம் இல்லையென்றால்? வருடத்துக்கு ஒரு லட்சமாக வாங்கிய கடனுக்கு, நான்கு வருடப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் சேர்த்துத் தனிவட்டியே 1,40,000 ஆகிறது. கடன் தொகை இருந்த இடத்தில் -540000 என்று மாற்றுங்கள். தவணை 8,965. மாதம் 2,300 ரூபாய்க்கு மேல் வித்தியாசம், அதுவும் ஏழு வருடத்துக்கு! முதல் வேலையில் சேரும் பிள்ளைக்கு அது ஹாஸ்டல் வாடகை. தவணைக் காலத்தை 180 மாதமாக நீட்டினால் நான்கு லட்சத்துக்கு 4,298தான். ஆனால் மொத்தம் கட்டும் தொகையையும் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி மாறும். உங்கள் கடன் கடிதத்தில் உள்ளதைப் போடுங்கள்.

2025இல் தம்பியின் முறை

மருமகள் 2023இல் படிப்பை முடித்து வேலைக்குப் போய்த் தவணை கட்டி வருகிறாள். 2025இல் அவள் தம்பிக்கு இடம் கிடைத்தது. அதற்குள் 2024 நவம்பர் 6 அன்று பிஎம் வித்யாலட்சுமி என்ற புதிய திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருந்தது. தேசிய தரவரிசையில் உள்ள கல்வி நிறுவனங்கள், தொடக்கத்தில் 860, இதில் அடங்கும். அவற்றில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு 75 சதவீத உத்தரவாதத்தை அரசு தருகிறது. ஏற்கனவே உள்ள நாலரை லட்ச வருமான வரம்பு மானியம் தவிர, எட்டு லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கும் பத்து லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் இது ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான். கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேரும் முன்பே தளத்தில் பார்த்துவிடுங்கள்.

முகவரி டைப் செய்வதில் ஒரு எச்சரிக்கை. பழைய தளத்தின் பெயரில் லட்சுமிக்கு ஆங்கிலத்தில் கே, எஸ், எச் என்று வரும். புதியதில் எக்ஸ். முன்னால் பிஎம். இரண்டுமே டாட் சிஓ டாட் இன் என்றுதான் முடிகின்றன, அரசுத் தளங்களுக்குரிய முடிவு இல்லை. ஆகவே போலித் தளத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கூகுளில் தேடி மேலே வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்யாமல், முகவரியை நீங்களே டைப் செய்து, புக்மார்க் செய்துகொள்ளுங்கள். புராசஸிங் பீஸ் என்று கூகுள் பே எண் தருபவர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

கடனுக்கு முன் இலவசமாக வருவதையும் பார்க்க வேண்டும். ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2021இல் கொண்டுவந்தது. அதில் இடம் பெற்றவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. இவன் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அது இல்லை. ஆனால் தமிழ் வழியில் படித்ததால் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தகுதி இருந்தது. மத்திய அரசின் உதவித் தொகைகளுக்குத் தேசிய உதவித் தொகைத் தளம் தனியாக உள்ளது.

இவனுக்கு விண்ணப்பம் போடுவதில் எனக்கு வேலையே இல்லை. அக்காவின் போல்டரைப் பென் டிரைவில் காப்பி செய்து, அதே பெயர்களில் தன் பைல்களை நிரப்பி, ஒரே இரவில் முடித்துவிட்டான். ஆதாரை மார்ச் மாதமே திருத்தியிருந்தான். ஆனாலும் ஒரு தவறு. உதவித் தொகை முதல் மாதம் வரவில்லை என்று கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தான். கடைசியில் பார்த்தால் பணம் வந்துதான் இருந்தது, எட்டாம் வகுப்பில் ஆரம்பித்து மறந்துபோன வேறொரு வங்கிக் கணக்கில்! அரசுப் பணம் ஆதாரோடு எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும், நாம் படிவத்தில் எழுதிய கணக்குக்கு அல்ல. ஆதார் இணைய தளத்தில் லாகின் செய்தால் எந்த வங்கி இணைந்துள்ளது என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு, புதிய வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்தான். அடுத்த மாதம் சரியான கணக்கில் வந்தது. பழைய கணக்கில் கிடந்ததை எடுக்க அத்தான் பாஸ்புக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்.